பதினாறு தோளுக்கு ஒரு சொல்

பாலசமுத்திரத்துப் பச்சையப்பன் தம் ஆயுளில் ஒரு பெரிய கல்லைக்கூடத் தூக்கியவரில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் சத்திரத்துத் தூணையோ கிணற்றுப் படியையோ காட்டி, "இதை யார் வச்சது?" என்று கேட்டுப் பாருங்கள். "பச்சையப்பன் வச்ச கல்லு" என்றுதான் பதில் வரும். தோள் புண்ணாகித் தூக்கினவர்களுக்கு வயிறு எரியாதா என்பீர்கள். எரியாது. முதலில் அப்படிச் சொல்ல ஆரம்பித்ததே அவர்கள்தான்.

இருபது வயதில் அவரும் கல் தூக்கத்தான் போனார். என்ன செய்ய, ஆள் குள்ளம். கல்லைக் கயிற்றில் கட்டி, குறுக்கே நாலு கழி கொடுத்து, கழிக்கு நாலு பேராகப் பதினாறு பேர் தோள் கொடுப்பார்கள். பச்சையப்பன் நின்ற இடத்தில் கழி அவர் தோளைத் தொடவே இல்லை. கழி பாட்டுக்கு மேலே போயிற்று, இவர் பாட்டுக்குக் கீழே கைவீசிக்கொண்டு நடந்தார். மேஸ்திரி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நீ வூட்டுக்குப் போடா" என்றார்.

பச்சையப்பன் போகவில்லை. ரோஷக்காரர். கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று, தூக்குகிறவர்களைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார். "களி துன்னும்போது மட்டும் தோளு ஒசருது, கல்லுன்னா குனியுதா?" என்று ஒருவனைக் கேட்டார். இன்னொருவனிடம் அவன் மாமியாரைக் கூப்பிடவா என்றார். பதினாறு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு "ஐலசா" போட்டார்கள், கல் எழுந்து நடந்தது. அன்றிலிருந்து பச்சையப்பனுக்கு அதுதான் வேலை. மேஸ்திரிக்குப் பின் கூட்டமே அவருடையதாயிற்று.

குரல் கொடுக்கிறவர் கூட்டத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்க வேண்டும். தூக்குகிறவனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவனுடைய முதுகு. குரல் கொடுக்கிறவருக்குப் பதினாறு முகமும் தெரியும். எவன் பல்லைக் கடிக்கிறான், எவன் கண் சொருகுகிறது, எவன் தோளைக் கொஞ்சம் தாழ்த்தி ஏமாற்றுகிறான், எல்லாம் தெரியும். பார்த்ததற்குத் தகுந்தாற்போல் அடுத்த சொல்லைப் போட வேண்டும். சின்னக் கல்லுக்கு வசவு போதும். பள்ளத்தை ஒட்டி நடந்தால் காணிப்பாக்கத்துப் பிள்ளையார். மத்தியான வெயிலில் களி, கீரைக் குழம்பு. இருபது வருஷத்தில் கல்லைப் பார்த்ததும் சொல் வாயில் வந்துவிடும் அளவுக்குக் கைதேர்ந்தவர்.

அவர் கூட்டத்தில் பாதிப் பேர் தமிழ் பேசும் வீட்டுக்காரர்கள், பாதிப் பேர் தெலுங்கு வீட்டுக்காரர்கள். எல்லாருக்கும் ரெண்டு பேச்சும் தெரியும். அதனால் பச்சையப்பன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தமிழனைத் தெலுங்கில் கிண்டல் செய்வார், தெலுங்கனைத் தமிழில் கிண்டல் செய்வார். தன் வீட்டுப் பேச்சில் திட்டினால் உறைக்கும், அடுத்தவன் பேச்சில் திட்டினால் கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் இருக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் அக்டோபர் மாதம் தப்பியது.

அந்த மாதம் முதல் தேதி, வியாழக்கிழமை, ஆந்திர ராஜ்யம் பிறந்தது. ஊரில் தோரணம் கட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். கூட்டத்தில் தெலுங்கு வீட்டாருக்குத் தலைமாதிரி இருந்தவன் முனிரத்தினம். அவன் புதுச் சட்டையில் கொடி குத்திக்கொண்டு டீக்கடைக்கு வந்தான். பச்சையப்பனின் மச்சான் நாகேந்திரன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவனும் இதே கூட்டத்தில் கல் தூக்குகிறவன், கிழக்கே அடுத்த ஊர்க்காரன். தமிழ் ஊர்களை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று நடந்த பொதுக்கூட்டத்துக்குப் போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வந்தவன். பேச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஆரம்பித்து, ஏரி யாருடையது, தண்ணீர் யாருடையது என்று போய், கடைசியில் டம்ளர் பறந்தது. மறுநாள் வேலைக்கு வந்தவர்கள் எட்டு எட்டாகப் பிரிந்து உட்கார்ந்து சோறு தின்றார்கள்.

வேலையோ தலைக்கு மேல் இருந்தது. ஏரிக்குப் புது மதகு கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பக்கச் சுவரும் எழும்பிவிட்டது. மேலே ஒன்பதடி நீளத்தில் ஒரே கல்லை வைத்தால்தான் கதவைப் பொருத்த முடியும். ஆயிரம் கிலோவுக்குக் குறையாத கல். ஐப்பசி மழை எந்த நேரமும் இறங்கலாம். கல் ஏறுமுன் மழை இறங்கினால் ஏரித் தண்ணீர் திறந்த வாய் வழியாக ஓடிப்போகும், ரெண்டு ஊர் நஞ்சையும் அந்த வருஷம் தரிசுதான். இதெல்லாம் பதினாறு பேருக்கும் தெரியும். அவர்கள் நிலமும் அதே ஏரியின் கீழேதான் இருந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவனுக்கு நெல் கண்ணில் படுமா?

சனிக்கிழமை காலை கல்லைக் கட்டினார்கள். சுவர் உயரத்துக்கு மண் கொட்டிச் சரிவு போட்டிருந்தது. பச்சையப்பன் முன்னால் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டார், கல் எழுந்தது. பரவாயில்லையே என்று அவருக்குத் தைரியம் வந்தது. சரிவில் ஏறும்போது வழக்கப்படி கிண்டலை எடுத்தார்.

"மூணு உருண்டை களி முனிரத்தினம் துன்னான்! துன்ன களி எங்கடா போச்சு?"

வழக்கமாக இதற்குப் பெரிய சிரிப்பு எழும். அன்று தெலுங்கு எட்டுப் பேர் வாய் திறக்கவில்லை. எட்டு முகத்திலும் ஈயாடவில்லை. பச்சையப்பன் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் சொன்னது குற்றமென்றால் மறுபக்கமும் சொல்லிச் சமன் செய்துவிடலாம் என்று நினைத்தார். அவசரத்தில் மச்சான் பக்கம் திரும்பினார்.

"புஜம் இன்ட்லோ பெட்டேசி ஒச்சினாவா, நாகேந்திரா?"

தோளை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா என்று கேட்டார், அவ்வளவுதான். பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இப்போது தமிழ் எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். எட்டுப் பேர் நடக்க, எட்டுப் பேர் நிற்க, கல் கோணியது. முதல் கழி வலது பக்கத்தில் படாரென்று முறிந்தது. ஒன்பதடிக் கல் சரிவில் விழுந்து உருண்டு அடிவாரத்தில் போய் நின்றது. உருண்டபோது முனிரத்தினத்தின் பாதத்தை ஒரு சாண் இடைவெளியில்தான் தாண்டிப் போயிற்று.

"யாரைப் பாத்துத் தெலுங்குல கிண்டல் பண்ற, மாமா?" என்று நாகேந்திரன் கத்தினான். "நீ எந்த ஊருக்காரன்?"

முனிரத்தினம் கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பச்சையப்பன் அய்யா, நாங்க போயிட்டு வர்றோம்" என்றான். அய்யாவாம்! இருபது வருஷமாக அண்ணன் முறை வைத்து 'அன்னா' என்று கூப்பிட்ட வாய் அது.

வீட்டுக்கு வந்த பச்சையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி சந்திரம்மா சும்மா இருப்பவளில்லை. தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எரிச்சலில் இருந்தாள்.

"இன்னாத்துக்குத் தட்டைப் பாத்துகினே குந்திகினு கீற?" என்றாள். "ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினு வந்தியே, திருப்தியா?"

"நான் இன்னா புதுசா சொல்லிட்டேன்? எப்பவும் சொல்றதுதானே சொன்னேன்."

"எப்பவும் சொல்றதை எப்பவும் சொல்ல முடியாதுய்யா. அவுங்க இன்னிக்கு எப்பவும் போல கீறாங்களா?"

பச்சையப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். அவருக்கு அழுகை வந்தது. கல் ஏறாத கவலை ஒரு பங்கு என்றால், தம் சொல் செத்துப்போன கவலை மூன்று பங்கு. தோளில் வலு இல்லாத மனுஷனுக்கு இருந்தது அந்த வாய் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனார். முனிரத்தினம் எழுந்து நின்று பாய் போட்டான். மோர் கொடுத்தான். "உங்க மேல கோபம் ஏமி லேது, ஒண்ணுமில்ல, அய்யா" என்றான். கோபப்பட்டு ரெண்டு வார்த்தை கேட்டிருந்தால் பச்சையப்பன் நிம்மதியாகத் திரும்பியிருப்பார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. மோரைக் குடித்ததாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்து வந்தார்.

அதே ஞாயிற்றுக்கிழமை இன்னொருவரும் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். மதகு வேலைக்கு ஓவர்சியர் சக்ரபாணி. திருப்பதியில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, இஞ்சினீரிங் சர்டிபிகேட் வாங்கி, திருமண்ணும் தொப்பியுமாக வெயிலில் நிற்கிற நல்ல மனுஷர். நல்ல வார்த்தை சொன்னால் மனுஷர்கள் எழுந்துவிடுவார்கள் என்று மனசார நம்புகிறவர். எங்கே நல்ல வாசகம் படித்தாலும் கைநோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். அந்த நோட்டை நாள் பூராவும் புரட்டி, முயற்சி பற்றி நாலு வார்த்தை தமிழில், 'பட்டுதல' என்கிற விடாமுயற்சி பற்றி நாலு வார்த்தை தெலுங்கில் என்று, ஒன்றுக்கொன்று கூடாமல் குறையாமல் எண்ணி எழுதினார். நியாயஸ்தர் அல்லவா!

திங்கட்கிழமை காலை பதினாறு பேரும் வந்தார்கள். எட்டு இந்தப் பக்கம், எட்டு அந்தப் பக்கம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. சக்ரபாணி ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்கோ. மனுஷா சாதிக்க முடியாதது ஒண்ணுமில்லே. விடாமுயற்சி வேணும். ஒத்துமை வேணும். சாதனை நம்ம கையிலே இருக்கு!" என்றார். அதையே தெலுங்கிலும் கணீரென்று சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கூட்டத்தில் முனியப்பன் என்கிற வயசானவர் கொட்டாவியை மறைக்க வாயைத் துண்டால் துடைத்தார்.

பிறகு சக்ரபாணி பச்சையப்பனிடம் காகிதத்தை நீட்டினார். "இதையே குரலாக் குடும்யா. பழைய கிண்டல்லாம் வேண்டாம்."

பச்சையப்பனுக்குத் தம் சொல் மேலேயே நம்பிக்கை போயிருந்த நேரம். 'சரி, ஓவர்சியர் சாமி சொன்னதையும் பார்த்துவிடுவோம்' என்று வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாது, அதனால் காதில் விழுந்ததைச் சொன்னார்.

"விடாமுயற்சி!"

"ஐலசா."

"சாதனை!"

"ஐலசா."

கல் அசையவில்லை. மூன்றாம் தடவை யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் பழைய சிரிப்பின் நிழல்கூட இல்லை.  பச்சையப்பன் காகிதத்தை மடித்துச் சாமியிடமே கொடுத்துவிட்டார்.

நாகேந்திரன் கழியைக் கீழே போட்டான். "ஆவாது, சாமி. ஆளை மாத்துங்க."

சக்ரபாணிக்கு மனசு உடைந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து எழுதியது! "சரிய்யா. சித்தூர்லேருந்து சங்கிலிக் கப்பியோட வேற ஆட்களை வரவழைக்கறேன். வர நாலு நாள் ஆகும். மழை பெய்ஞ்சா பெருமாள் விட்ட வழி" என்றார். அதே கைநோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவருக்கு. "உள்ளூர் ஆட்களால்... முடியவில்லை."

"ஏமி ராஸ்துன்னாரு?" முனிரத்தினம் திரும்பினான். "முடியலன்னு எழுதறியா, சாமி?"

"முடியலேன்னாதானே எழுதறேன்?"

"காணிப்பாக்கத்துச் சத்திரத்துத் தூணு பதினோரு அடி! அது யாரு தூக்கினது? சித்தூர் ஆளா? முன்னால இடது பக்கம் நின்னது நான்!"

"நீயா?" நாகேந்திரன் பாய்ந்தான். "பொய் சொல்லாதே! முன்னால இடது நின்னது நானு. நீ எங்கியோ நடுவுல நின்னுகினு இருந்தே."

"ஒரேய், நானு!"

"நான்தான்டா!"

ரெண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு வந்து நின்றார்கள். அவரவர் பின்னால் ஏழு ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். சக்ரபாணி கல்லிலிருந்து இறங்கிப் பின்வாங்கினார்.

பச்சையப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். ரெண்டு நாளாகச் செத்துக் கிடந்த முகங்கள் இப்போதுதான் உயிரோடு இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிந்தது. சண்டைதான், ஆனால் ஊருக்காகவும் ராஜ்யத்துக்காகவும் நடந்த சண்டை இல்லை இது. கல்லுக்கான சண்டை. அடடா, இதை விட்டுவிட்டு எங்கெங்கேயோ தேடிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தார். ரெண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று, இருபது வருஷக் குரலை எடுத்தார்.

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்! முன்னால இடது நின்னது நீயும் இல்ல, அவனும் இல்ல. முனியப்பன்! நான் பாத்தேன். உங்களுக்கு முதுகுதான் தெரியும், எனக்கு மூஞ்சி தெரியும்."

 முனியப்பன் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"நாகேந்திரா, நீ மூணாவது கழி. உங்காலுல கருவமுள்ளு ஏறிடிச்சு. ரத்தம் ஒழுகிகினே இருந்தது. கல்லைக் கீழ வைன்னு நீ ஒரு வார்த்தை கேக்கல. நொண்டிகினே வந்தே. நான் பாத்தேன்." அப்படியே முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "இவன் நொண்டினதும் கனம் பூரா உன் மேல எறங்கிச்சு, முனிரத்தினம். அதே கழியில பக்கத்து ஆளு நீ. ரெண்டு ஆளு கனத்தைச் சத்திரத்து வாசல் வரைக்கும் தூக்கினு வந்தே. மூஞ்சி செவந்து கண்ணு பிதுங்கிச்சு. கீழ வச்சப்பறம் யாருகிட்டயும் சொல்லல. இவனுக்கே இன்னி வரைக்கும் தெரியாது. நான் பாத்தேன்."

நாகேந்திரன் முனிரத்தினத்தைப் பார்த்தான். முனிரத்தினம் தரையைப் பார்த்தான்.

"நெஜமாவா?" என்றான் நாகேந்திரன்.

"அது எப்போ நடந்த கத... விடு," என்றான் முனிரத்தினம்.

பச்சையப்பன் விடவில்லை. இனி விடுவாரா! "தோளு குடுங்கடா" என்றார்.  எல்லாரும் எட்டு எட்டாக நிற்காமல், கையில் கிடைத்த கழிக்கு வந்தார்கள். மூன்றாவது கழியில் நாகேந்திரனும் முனிரத்தினமும் பக்கம் பக்கமாக நின்றார்கள்.

"முள்ளு ஏறின காலோட தூணு தூக்கினது யாரு?"

"ஐலசா!"

"ரெண்டு ஆளு கனத்தைத் தனியாத் தாங்கினது யாரு?"

"ஐலசா!"

கல் எழுந்தது. பச்சையப்பன் பின்னோக்கிச் சரிவில் கால் வைத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஒவ்வொருவனுக்கும் ஒன்று சொன்னார். கல்யாணத்தன்று காலையில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றுக் கல்லுக்குத் தோள் கொடுத்தவன் கோவர்த்தனன். கயிறு அறுந்தபோது ஓடாமல் முதுகைக் கொடுத்துக் கல்லை நிறுத்தியவர் முனியப்பன். காய்ச்சலோடு வந்து ஏழு படிக்கல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவன் ஒருவன். நாளும் இடமும் கல்லின் நீளமும் சொன்னார். தமிழில் சொன்னாரா தெலுங்கில் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது, கேட்டவர்களுக்கும் நினைவில்லை. பேர் சொல்லப்பட்டவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தோள் அரை அங்குலம் உயர்ந்தது.  இருபது வருஷமாக எல்லாருடைய வீரத்தையும் கண்ணில் வைத்துக்கொண்டு, வாயில் வெறும் வசவை வைத்திருந்தோமே என்று பச்சையப்பன் தம்மையே திட்டிக்கொண்டார்.

பதினாறு பேரும் தீர்ந்துவிட்டார்கள். சரிவில் இன்னும் நாலைந்து அடி பாக்கி. சனிக்கிழமை கல் விழுந்த இடம் காலடியில் வந்தது. மண்ணில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. பதினாறு பேர் கண்ணும் அங்கே போயிற்று. முதல் கழி தயங்கியது. சொல் வேண்டும், உடனே வேண்டும். பச்சையப்பன் அந்தப் பள்ளத்தின் மேலேயே தம் காலை வைத்து, பின்னால் ஓரடி எடுத்தார்.

"தாண்டியாச்சு!"

"ஐலசா!"

"ரெண்டாவது அடி ஆச்சு!"

"ஐலசா!"

"மூணாவது ஆச்சு! சுவரு வந்தாச்சு! கழுத்து நரம்பு தெரியுது முனிரத்தினம், விடாதே! எறக்கு... மெல்ல எறக்கு... ஆச்சு!"

கல் ரெண்டு சுவர் மேலும் உட்கார்ந்தது. ஒரு நூல்கூட விலகவில்லை. பதினாறு பேரும் கழியை விட்டுவிட்டு அங்கங்கே மண்ணில் விழுந்து கிடந்தார்கள்.  பச்சையப்பனுக்குக் கத்திக் கத்திக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. அவரும் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான்.

முதலில் எழுந்தவன் முனிரத்தினம். வந்து அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். "ஏமன்னா, அத்தனையும் பாத்துவச்சுகினு இத்தினி வருஷம் களி உருண்டையத்தான் எண்ணினியா?" என்றான். கீழே கிடந்த பதினைந்து பேரும் சிரித்தார்கள். நாகேந்திரன் எழுந்துவந்து முனிரத்தினத்தின் தோளைப் பிடித்துப் பார்த்தான். கழி அழுத்தின இடம் கன்றிப் போயிருந்தது. தன் துண்டை நனைத்துக்கொண்டு வந்து அதன் மேல் போட்டான்.

சக்ரபாணி நோட்டைத் திறந்தார். எழுதின வரியை அடித்தார். பென்சிலோடு பச்சையப்பனிடம் வந்து நின்றார். "ஓய், அந்தச் சொல்லை எனக்கும் சொல்லும். எழுதி வச்சுக்கறேன். மத்த வேலைக்கெல்லாம் உபயோகமாகும்."

பச்சையப்பன் போன குரலில் கரகரவென்று சொன்னார். "வேற வேலையில இது வேலைக்கு ஆவாது, சாமி. அங்க தூக்கறவன் இன்னா தூக்கினவன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு. எழுதணும்னா இந்தப் பதினாறு பேரு பேரையும் எழுது."

 சக்ரபாணி மண்ணிலேயே உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமாகப் பேர் கேட்டு எழுதினார். தப்பு வந்தால் அடித்துத் திரும்ப எழுதினார். மூன்றாம் நாள் கதவு பொருத்தினார்கள். ஐந்தாம் நாள் மழை பிடித்தது. ஏரி நிரம்பி மதகில் தண்ணீர் சொன்னபடி நின்றது. ரெண்டு ஊரிலும் அந்த வருஷம் நெல் விளைந்தது.

எல்லைச் சண்டை அதோடு தீர்ந்துவிட்டதா என்றால், அதெப்படித் தீரும்? ஏழு வருஷம் ஊர்வலமும் மகஜருமாக ஓடியது. நாகேந்திரன் மறியலுக்குப் போனான், முனிரத்தினம் எதிர் ஊர்வலத்துக்குப் போனான். போய்விட்டு வந்து ரெண்டு பேரும் மூன்றாவது கழியில் நின்றார்கள். ஐம்பத்து மூன்றுக்குப் பிறகு பச்சையப்பன் வெறும் வசவை நம்பிக் குரல் கொடுக்கவில்லை. ஒவ்வொருவனும் செய்ததைத்தான் சொன்னார். கிண்டலும் போகவில்லை, நாலு மாசத்தில் திரும்பி வந்துவிட்டது. தமிழனுக்குத் தெலுங்கில், தெலுங்கனுக்குத் தமிழில்.

அறுபதாம் வருஷம் எல்லை பிரித்தார்கள். பாலசமுத்திரம் ஆந்திரத்தில் நின்றது. நாகேந்திரன் ஊர் மதராஸுக்குப் போயிற்று. அளக்க வந்த சர்வேயர், எல்லைக் கல்லை நட ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். கல் என்றதும் பதினாறு பேரும் கழியும் கயிறும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு நரை தட்டியிருந்தது. பச்சையப்பன் எல்லாருக்கும் முன்னால் நடந்தார். வண்டியில் கிடந்த கல்லைப் பார்த்தார். இடுப்புயரம்கூட இல்லை. ரெண்டு பக்கமும் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது.

"இதுவா?" என்றார்.

"இதுதான்," என்றார் சர்வேயர். "நீங்க குரல் குடுத்தா பெரிய கல்லும் நடக்கும்னு சொன்னாங்களே. குடுங்க, கேப்போம்."

பச்சையப்பன் அந்தக் கல்லைச் சுற்றி ஒருமுறை வந்தார். காலால் தட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நாகேந்திரா, முனிரத்தினம், நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு எடுத்துகினு போயி வச்சுட்டு வாங்க. மீதிப் பேரு எல்லாம் இங்க வந்து குந்துங்க. ஏர்பேட்டுல பத்தடிக் கல்லு ஒண்ணு கெடக்குதாம், அதுக்குப் போறதைப் பத்திப் பேசணும்."

"குரல் குடுக்கலியா?" என்றார் சர்வேயர் ஏமாற்றத்தோடு.

"இத்தினூண்டு கல்லுக்கா? போய்யா!" என்றார் பச்சையப்பன்.